ஒன்பது பேருக்கு நான் எழுதிக் கொடுத்த வேலை

எனக்குப் பேச்சு வராது. எழுத்தும் வராது. இரண்டும் வராதவன் சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. எங்கள் கோயிலில் சேவை செய்கிற ஒன்பது பேருக்கு ஆளுக்கொரு தாள் எழுதிக் கொடுத்தேன். யார் எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று. அந்த ஒன்பது தாளும் சேர்ந்து என் மகள் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தன.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எழுதியதில் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். (என் மனைவி லூர்து இதைப் படித்தால் சிரிப்பாள். சிரிக்கட்டும்.)

நான் சென்ட்ரிங் மேஸ்திரி. வீட்டுக்கு மேல்தளம் போடுவதற்கு முன் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கான்கிரீட் கொட்டி முடிகிறவரை என் பொறுப்பு. ஏழாம் வகுப்பு வரை படித்தேன். எட்டாம் வகுப்புக்கு ஒரு வாரம் போனேன். அதைப் படிப்பில் சேர்ப்பதில்லை. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். கோயில் மெயின் ரோட்டில் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி, புளியமரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தெரிந்தவர்கள் வந்துவிடுவார்கள். தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

கோயில் மணி அடிப்பது நான். யாரும் என்னை நியமிக்கவில்லை. முன்னால் அடித்தவர் இறந்துபோனார். கயிறு சும்மா தொங்கியது. இழுத்தேன். அவ்வளவுதான். மற்றவர்களும் அப்படி வந்தவர்கள்தான். சூசையண்ணன் வாசலில் நின்று வண்டிகளைப் பார்த்துக்கொள்வார். ஜெயசீலி டீச்சர் பாடுவார். என் மனைவியின் தம்பி சேவியர் மைக் பார்ப்பான். மரியபுஷ்பம் கார்ப்பெட் விரிப்பாள், பூ வைப்பாள். எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தது.

பிறகு புதுச் சாமி வந்தார். பங்குத்தந்தையை நாங்கள் சாமி என்றுதான் சொல்வோம்.

நல்ல மனிதர். அதில் சந்தேகமில்லை. வயது குறைவு. ஊக்கம் கூடுதல். வந்த இரண்டாம் மாதம் மதுரைக்கு ஏதோ பயிற்சிக்கு மூன்று நாள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பைல் இருந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களையெல்லாம் ஹாலில் உட்கார வைத்தார்.

"நம்ம பங்குல எத்தனை தன்னார்வலர்கள் இருக்கீங்க?" என்றார்.

சூசையண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"உங்களைத்தாண்ணே கேக்குறேன்."

"நானா? நான் வாசல்ல நிக்கிறவன் சாமி."

"அதான் தன்னார்வலர். இனிமே ஒவ்வொருத்தருக்கும் பணி விவரம் எழுதணும். யார், எங்கே, என்ன, எதுவரைக்கும். எழுத்துல இருந்தா குழப்பம் இருக்காது."

"இப்ப என்ன குழப்பம் சாமி?" என்று கேட்டார் ஜெயசீலி டீச்சர்.

சாமி யோசித்தார். "இப்ப இல்ல டீச்சர். வராம இருக்கத்தான்."

(இல்லாத குழப்பம் வராமல் இருக்க ஒரு தாள். இதற்கு மூன்று நாள் மதுரையில் சோறு போட்டிருக்கிறார்கள்.)

யார் எழுதுவது என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். டீச்சர் எழுதுவார் என்று சாமி எதிர்பார்த்திருப்பார் போல. அவர் கீபோர்டு உறையை மடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சூசையண்ணன் வாயைத் திறந்தார்.

"நம்ம சவரிமுத்து எழுதட்டும் சாமி. முப்பது ஆளை வச்சு ஒரே நாள்ல தளம் போடுறவன். வேலை வாங்கத் தெரியும்."

"அவனுக்கு எழுத வருமா?" என்றார் டீச்சர்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். எனக்குக் காது சூடானது.

"வரும்" என்றேன்.

அந்தக் கூட்டத்தில் நான் பேசியது அந்த ஒரு சொல்தான். அதை விழுங்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

வீட்டில் அப்போது கல்யாண வேலை ஓடிக்கொண்டிருந்தது. மகள் ராணிக்குத் தேவகோட்டையில் மாப்பிள்ளை. இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பாதான் விஷயம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க ஒரு பஸ்ஸே அவர் விசிலுக்கு நின்றிருக்கிறது. அதனால் மரியாதை சரியாக வர வேண்டும். நிச்சயதார்த்தத்தில் எங்கள் பக்கத்து ஆள் யாரோ அவருக்குப் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள். அரைமணி நேரம் பேசவில்லை. மாப்பிள்ளைதான் ஏதோ சொல்லிச் சாப்பிட வைத்தார்.

லூர்து அன்றைக்கே சொன்னாள். "கல்யாணத்தன்னிக்கு ஒரு சின்னக் குறை வந்துறக் கூடாதுங்க. அவரு மறக்க மாட்டாரு. நம்ம புள்ளதான் அந்த வீட்டுல இருந்து கேக்கணும்."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் தாளை அவ்வளவு கவனமாக எழுதினேன். நம்புங்கள்.

ராணி பி.காம். படித்தவள். "நான் எழுதித் தர்றேம்ப்பா" என்றாள். வேண்டாம் என்றேன். எனக்கு எழுத வரும் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. சாமி கொடுத்த மாதிரித் தாளை மட்டும் அவளைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அதில் 'பொறுப்புகள்', 'எல்லைகள்' என்றெல்லாம் இருந்தது. எனக்கு 'எல்லைகள்' பிடித்தது.

தளம் போடுகிற நாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே மெஷினில் கலவை சுற்றும். அங்கிருந்து மேல்தளம் வரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். சட்டி கைமாறி கைமாறிப் போகும். ஒருத்தன் தண்ணீர் குடிக்க நகர்ந்தால் போச்சு. சட்டி நிற்கும். கலவை இறுகும். நாளைக்குத் தளம் ஒழுகும். அதனால் நான் காலையிலேயே சொல்லிவிடுவேன். உன் இடம் இது. உன் வேலை இது. இடத்தை விட்டு நகராதே. அடுத்தவன் வேலையைத் தொடாதே. எத்தனையோ வீடு போட்டிருக்கிறேன். ஒன்றும் ஒழுகவில்லை.

கோயிலுக்கும் அப்படியே எழுதினேன். ராணி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது சென்ட்ரிங் வேலை இல்லப்பா. இவுக எல்லாம் பிரியப்பட்டு வர்றவுக."

"ஆளு எல்லாம் ஆளுதான்" என்றேன்.

(எவ்வளவு பெரிய தத்துவம். அன்றைக்கு எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.)

மூன்று சாயங்காலம் ஆனது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். சூசையண்ணன் தாள் இப்படி:

'சூசை. இடம்: வாசல் வேப்பமரம். வேலை: வருகிற வண்டியை உள்ளே விடுவது. பேசக் கூடாது. வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போகக் கூடாது.'

காரணம் இருக்கிறது. சூசையண்ணன் வண்டியை நிறுத்தினால் லேசில் விடமாட்டார். அம்மாவுக்குக் கால் வலி எப்படி, சின்னவனுக்கு வேலை கிடைத்ததா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னால் ஆறு வண்டி நிற்கும்.

டீச்சருக்கு: 'இடம்: கீபோர்டு பக்கம். வேலை: பாடுவது. சாமி பீடத்துக்குப் போன பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். மூன்று சரணத்துக்கு மேல் வேண்டாம்.' இதற்கும் காரணம் உண்டு. சாமி பூசை உடை மாட்டும்போதே டீச்சர் ஆரம்பித்துவிடுவார். சாமி பீடத்துக்கு வந்து நின்ற பிறகும் பாட்டு முடியாது. சாமி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

சேவியருக்கு: 'ஆரம்பிக்கப் பத்து நிமிடம் முன்னால் மைக் போட வேண்டும். முடிகிறவரை அணைக்கக் கூடாது. எதையும் திருகக் கூடாது.' அவன் திருகித் திருகியே பாதிப் பிரசங்கம் விசிலில் போய்விடும்.

மரியபுஷ்பத்துக்கு: 'கல்யாணத்துக்குக் கார்ப்பெட் விரிப்பது. மணி அடித்த பிறகு விரிக்க வேண்டும். விரித்த பிறகு அதன் மேல் ஒருவரையும் நடக்க விடக் கூடாது.' பிள்ளைகள் செருப்புக் காலோடு ஓடி அழுக்காக்குகிறார்கள் என்று அவளேதான் முன்பு என்னிடம் அழுதிருக்கிறாள்.

மீதி இருந்தவர்களுக்கும் எழுதினேன். அவர்கள் இந்தக் கதைக்குள் அதிகம் வர மாட்டார்கள். எனக்கும் ஒன்று எழுதிக்கொண்டேன். ஊருக்கு ஒரு நியாயம் நமக்கு ஒரு நியாயம் கிடையாது. எல்லாத் தாளிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'இடத்தை விட்டு நகரக் கூடாது. அடுத்தவர் வேலையைத் தொடக் கூடாது.'

சாமி வாங்கிப் பார்த்தார். "மேஸ்திரி, சுருக்கமா அழகா எழுதியிருக்கீங்க" என்றார். பயிற்சியில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை என்றார். உள்ளே கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டுக் கொடுத்தார். படித்தார்கள். சத்தமே இல்லை.

சூசையண்ணன் இரண்டு தடவை படித்தார். "பேசக் கூடாதுன்னா, எதுவுமேவா சவரிமுத்து?"

"எதுவும்."

"ஒரு வணக்கம்?"

"தலைய ஆட்டினாப் போதும்."

"சரிப்பா" என்றார். அவர் ஒரே சொல்லில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டீச்சர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "மூணு சரணம். சரி. அப்ப எழுதுனவரு மீதிச் சரணத்தை எல்லாம் எதுக்கு எழுதி வச்சாருன்னு தெரியல."

சேவியர் மட்டும் நேராகக் கேட்டான். "நான் திருகாம வேற யாரு மச்சான் திருகுவா?"

"யாரும் திருக வேணாம்."

மரியபுஷ்பம் தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். சாமி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். "அடுத்து வர்ற நிகழ்ச்சியிலிருந்து இது நடைமுறைக்கு வரும்" என்றார்.

அடுத்து வந்த நிகழ்ச்சி, புதன்கிழமை, என் மகள் கல்யாணம்.

கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். சைட்டில் ஆட்கள் பேசாமல் இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கோயிலில் ஆட்கள் பேசாமல் இருந்தால் வேறு அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை வந்தது. பட்டுக்கரை வேட்டி, சட்டை, தோளில் துண்டு. கோயில் படியில் நின்றேன். பெண்ணின் அப்பன் நிற்க வேண்டிய இடம் அது. சாமி பூசை உடையோடு வந்தார்.

"மேஸ்திரி, பத்து மணிக்குச் சரியா தொடங்கிடணும். பன்னிரண்டுக்குப் பக்கத்துக் கிராமத்துல ஒரு அடக்கம் இருக்கு. பதினொன்றரைக்கு நான் கிளம்பியாகணும்."

"தொடங்கிறலாம் சாமி" என்றேன். ஒன்பது பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். அதாவது, அப்படித்தான் நினைத்தேன். எண்ணிப் பார்க்கவில்லை.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ரோட்டில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. முன்னால் பூமாலை கட்டியிருந்தது. படியிலிருந்து என் கண்ணால் பார்த்தேன். தேவகோட்டைப் பக்கமிருந்து வந்தது. வாசலைத் தாண்டியது. காரைக்குடிப் பக்கம் போய்விட்டது.

சூசையண்ணன் வேப்பமரத்தடியில் நின்றார். அவரும் பார்த்தார். வேன் போகப் போக அவர் தலையும் கூடவே இடமிருந்து வலமாகத் திரும்பியது. கை எழும்பவில்லை.

வழக்கமாக என்ன செய்வார் தெரியுமா? நடுரோட்டில் போய் நிற்பார். துண்டைச் சுழற்றுவார். "இங்குட்டு வாங்க, இங்குட்டு!" என்று கத்துவார். வெளியூர் வண்டி எதுவும் எங்கள் கோயிலைத் தவறவிட்டதில்லை. அதை நான் வேலை என்று நினைக்கவே இல்லை. அது அவர் குணம் என்று நினைத்திருந்தேன்.

ஓடினேன். "சூசையண்ணே! வண்டி போகுது!"

தலையை ஆட்டினார்.

"கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். பிரித்தார். 'பேசக் கூடாது' என்ற இடத்தில் விரலை வைத்தார். பிறகு 'ரோட்டுக்குப் போகக் கூடாது' என்ற இடத்தில் வைத்தார். மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

சம்பந்திக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீக சம்பந்தி?"

"ரோட்டுல இருக்கோம். கோயிலத்தான் காணோம்."

"தாண்டிட்டீக."

"தாண்டிட்டமா? ஒரு வாசல்ல ஒரு ஆளு நின்னு எங்களையே வேடிக்க பாத்துக்கிட்டு இருந்தாரே, அதுவா கோயிலு?"

"அதுதான்."

போனை வைத்துவிட்டார். திரும்பி வந்து சேரும்போது பத்தே கால். சம்பந்தி முதலில் இறங்கினார். முகம் சரியில்லை. சூசையண்ணன் தலையை ஆட்டினார். சம்பந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு இவுக?"

"கோயில் ஆளு."

"வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாகளோ?"

"பேசக் கூடாது" என்றேன்.

"ஏன், நேர்த்தியா?"

அந்தச் சொல் எனக்குத் தோன்றியிருக்காது. அவரே எடுத்துக் கொடுத்தார். "ஆமா சம்பந்தி, நேர்த்திக்கடன்" என்றேன். (கோயில் வாசலில் பொய். பிறகு சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.) சம்பந்தி சூசையண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சூசையண்ணன் மறுபடி தலையை ஆட்டினார். வாயைக் கட்டுப்படுத்த அவர் பட்ட பாடு அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது.

சரி, ஒரு கண்டம் தாண்டியது என்று கோயில் கதவுக்கு வந்தோம். அங்கே சாமி தீர்த்தச் செம்போடு நிற்கிறார். மாப்பிள்ளை நிற்கிறார். ராணி நிற்கிறாள். கார்ப்பெட் சுருட்டினபடி கிடக்கிறது. அதன் மேல் மரியபுஷ்பம் உட்கார்ந்திருக்கிறாள்.

"விரிக்கலையா?"

"மணி அடிக்கலையே."

"அடிக்கச் சொல்லு."

"யாரச் சொல்ல? அடுத்தவுக வேலையத் தொடக் கூடாதுன்னு எல்லாத் தாள்லயும் எழுதியிருக்கே. மணி யாரு வேலைண்ணே?"

கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். சேவியர் பார்த்தான். மெழுகுவத்தி ஏற்றுகிறவர், தட்டு எடுக்கிறவர், எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றபடியே என்னைப் பார்த்தார்கள்.

மணி என் வேலை. என் தாளை என் கையால்தான் எழுதினேன். 'சவரிமுத்து. இடம்: மணிக்கூண்டு. இடத்தை விட்டு நகரக் கூடாது.' அன்றைக்கு நான் பெண்ணின் அப்பன், கதவில் நிற்க வேண்டும் என்பது எழுதும்போது நினைவில் இல்லை. முப்பது பேர் வரிசையில் எவன் நகர்ந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான். வரிசையில் விட்டுப்போன ஆளே நான்தான் என்று தெரிய இவ்வளவு நேரம் ஆனது.

வேட்டியை மடித்துக் கட்டினேன். மணிக்கூண்டுக்கு ஓடினேன். அடித்தேன். கோபத்தில் எத்தனை அடித்தேன் என்று தெரியாது. ஊருக்குள் யாரோ செத்துவிட்டார்கள் என்று இரண்டு பேர் சைக்கிளில் வந்துவிட்டார்கள்.

திரும்பி ஓடி வந்தால் கார்ப்பெட் விரித்திருந்தது. மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். மரியபுஷ்பம் குறுக்கே கையை நீட்டியிருந்தாள்.

"தம்பி, கால எடுங்க. இதுமேல ஒருத்தரையும் நடக்க விடக் கூடாது."

"கல்யாண மாப்பிள்ள நடக்காம வேற யாரும்மா நடக்கப் போறா?" என்றார் சம்பந்தி.

"அது எனக்குத் தெரியாதுய்யா. எழுதியிருக்கு."

சாமி மெதுவாக, "அக்கா, இது அவங்களுக்காகத்தான் விரிச்சது..." என்று ஆரம்பித்தார்.

"கையெழுத்து வாங்குனது நீங்கதான் சாமி" என்றாள். சாமியே கார்ப்பெட்டை விட்டு இறங்கி ஓரமாக நடந்தார். அவர் பின்னால் மாப்பிள்ளை. அவர் பின்னால் ராணி. பெஞ்சில் இருந்தவர்கள் முழங்காலை உள்ளே இழுத்து வழிவிட்டார்கள். பஸ்ஸுக்குள் போவது போல ஒற்றை வரிசையில் போனோம். நடுவில் சிவப்பாக, சுத்தமாக, ஒரு தூசி இல்லாமல் கார்ப்பெட் கிடந்தது.

அதைக்கூடப் பொறுக்கலாம். பாட்டு இல்லை. சாமி இன்னும் பீடத்துக்குப் போகவில்லையே. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாடகர் குழுவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. மின்விசிறி சத்தம் கேட்டது. ராணியின் கொலுசுச் சத்தம் கேட்டது. அடக்கத்துக்குக்கூடப் பாட்டு உண்டு. என் மகள் கல்யாணத்துக்கு இல்லை.

பாதி வழியில் சம்பந்தி நின்றுவிட்டார். திரும்பினார். சத்தமாகவே சொன்னார்.

"என்ன சம்பந்தி, எங்களப் பிடிக்கலையா? வண்டிய நிறுத்தல. வாங்கன்னு சொல்லல. மணி அடிக்கல. நடக்க விடல. ஒரு பாட்டுக்கூடவா இல்ல? பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லிருங்க. வேன் வாசல்லதான் நிக்கிது."

வாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். அவர் பக்கத்து ஆட்கள் எழுந்தார்கள்.

ராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மற்றதெல்லாம் எனக்குக் கோபம். அந்தப் பார்வை மட்டும் கோபம் இல்லை. அது வேறு.

நான்கே எட்டில் பாடகர் குழுவிடம் போய்விட்டேன். டீச்சரிடம் காதோடு சொல்லத்தான் போனேன். சத்தியமாகக் காதோடுதான். ஆனால் நடுவில் மைக் நின்றது. சேவியர் பத்து நிமிடம் முன்னால் போட்டிருந்தான். அணைக்கவில்லை. திருகவில்லை. அவ்வளவு சுத்தமாக அந்த மைக் ஒருநாளும் வேலை செய்ததில்லை. கோபுரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் ரோட்டைப் பார்த்து இருக்கிறது.

நான் பேசியது இதுதான். வீடியோவில் இருக்கிறது. மாற்றிச் சொல்ல வழியில்லை.

"டீச்சரம்மா, பாடுங்க! எதுக்கும் காத்திருக்க வேணாம், பாடுங்க! அந்தத் தாளைக் கிழிச்சு எறிங்க. ஏழாவது படிச்ச முட்டாப்பய எழுதுனதப் போயி வேதவாக்கா வச்சுக்கிட்டு நிக்கிறீகளே! தப்பு என் மேலதான். சூசையண்ணே, வாயத் தொறங்க! உங்க வாயி இல்லேன்னா இந்தக் கோயிலுக்கு ஆளே வராது. புஷ்பம், நீ கைய எடு, அந்தப் புள்ளைகள நடக்க விடு. சம்பந்தி, போகாதீக! என் மகக்கிட்ட ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் அவ அப்பன்கிட்டதான். எல்லாரும் நகருங்க! நகருங்கப்பா! எப்பவும் போல இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

'புண்ணியமாப் போகும்' என்பது வெளியே போய்ப் புளியமரங்களில் மோதித் திரும்பி வந்தது. அப்போதுதான் மைக் என்று தெரிந்தது. ரோட்டோர டீக்கடையில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.



டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இத அன்னைக்கு ஹால்லயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல?" என்றார். அதுவும் மைக்கில் போனது. பிறகு ஆரம்பித்தார். எத்தனை சரணம் என்று நான் எண்ணவில்லை. எண்ணிச் சொல்ல எனக்கு வாயில்லை.

வாசலில் இருந்து சூசையண்ணன் ஓடி வந்தார். "வாங்க வாங்க வாங்க!" என்று ஆரம்பித்தவர் சம்பந்தி கையைப் பிடித்துக்கொண்டார். "வழி தெரியாமப் போயிட்டீகளே, என் கண்ணு முன்னாடியே போனீகளே, என் நெஞ்சு வெடிச்சுப் போச்சு. வீட்டுல எல்லாரும் சொகமா? தேவகோட்டைப் பக்கம் மழ உண்டா?"

சம்பந்தி அசந்துபோனார். "நேர்த்தி முடிஞ்சுருச்சா?"

"இப்பத்தான் மைக்குல முடிச்சு வச்சாரு."

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தோளில் துண்டைச் சரிசெய்தார். பிறகு தன் ஆட்களிடம் சொன்னார். "உக்காருங்கப்பா. பொண்ணு வீட்டுக்காரரு மைக் போட்டுத் தப்ப ஒத்துக்கிட்டு நான் பாத்ததில்ல. இதுக்கு மேல என்ன மரியாத வேணும்?" முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மரியபுஷ்பம் ராணியையும் மாப்பிள்ளையையும் பின்னால் கூட்டிப்போய், மறுபடி முதலிலிருந்து கார்ப்பெட்டில் நடக்க வைத்தாள். சாமி மட்டும் அதே இடத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைய பிரசங்கம் நாலு நிமிடம். அவ்வளவு நல்ல பிரசங்கம் அவர் கொடுத்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். தாலி கட்டியாகிவிட்டது. பதினொன்றரைக்குச் சாமி கிளம்பிவிட்டார்.

பீடத்தின் முன்னால் ராணி தோள் குலுங்க நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கியது. பிறகு வீடியோவில் பார்த்தால் சிரித்திருக்கிறாள். மாப்பிள்ளையும் சிரித்திருக்கிறார். சாமி புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறார். வீணாக நான் ஒருவன்தான் கலங்கியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு தாளைப் பற்றிச் சாமி பேசவில்லை. நானும் பேசவில்லை. மணியை அடித்தேன். சூசையண்ணன் நடுரோட்டில் நின்று துண்டைச் சுழற்றினார். பின்னால் ஆறு வண்டி நின்றது. அந்தச் சாமி மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகு வந்த சாமிக்கும் எங்கோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவரும் பணி விவரம் என்று வாயெடுத்தார். "அதெல்லாம் நாங்க எழுதிப் பாத்துட்டம் சாமி" என்று சூசையண்ணன் முடித்துவிட்டார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. தனித்தனியாக ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். தப்பு காட்டுங்கள். காட்ட முடியாது. சூசையண்ணன் வேலை என்ன? வாசலில் நிற்பது. எழுதினேன். அவர் நிற்கிற சாக்கில் ஊர் ஆளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார் என்றால், அதை எந்த வரியில் எழுதுவது? அதற்குச் சாமி கொடுத்த மாதிரித் தாளில் இடமே இல்லையே. மனசு கஷ்டப்பட்டால் வந்து சொல்ல வேண்டியதுதானே? என் சைட்டில் சித்தாள்கூட என் முகத்துக்கு நேராகக் கேட்பாள். இவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு என் மகள் கல்யாணத்தில் வந்து நிற்கிறார்கள், தூண் மாதிரி.

மைக்கில் தப்பு என் மேல் என்று சொன்னாயே என்பார்கள். அது அவசரத்தில் சொன்னது. அவசரத்தில் சொன்னது சேர்த்தி இல்லை.

ஆனால் வீடியோ இருக்கிறது. வருஷா வருஷம் கல்யாண நாளுக்கு மாப்பிள்ளை அதைப் போனில் போட்டுவிடுகிறார். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி வைத்திருக்கிறார். சம்பந்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சத்தமா வைப்பா" என்பார். லூர்து அடுப்படியில் இருந்தே கூடச் சேர்ந்து சொல்வாள்.

பேத்தி பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டாள். இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. (என்னிடம் கேட்கவே இல்லை.) என்ன பேசுவாள் என்று ராணிக்கும் தெரியாது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை மேடையில் ஏறியது. கையெடுத்துக் கும்பிட்டது. "டீச்சரம்மா, பாடுங்க!" என்று ஆரம்பித்தது.

முழுசாகச் சொன்னாள். முட்டாப்பய வரைக்கும் சொன்னாள். கையை நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினாள். "நகருங்கப்பா!" என்றபோது முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் நிஜமாகவே நகர்ந்தன. நடுவர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். பிள்ளை என்னைக் கை காட்டியது. பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. எழுந்து நிற்பதா உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினேன்.

இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு மரம் நடுவதைப் பற்றிப் பேசிய ஒரு பையனுக்கு. அவன் நடுவில் இரண்டு இடத்தில் மறந்து நின்றான். என் பேத்தி ஒரு சொல் விடவில்லை. இது என்ன நியாயம்?